மூன்று கிளிக்குஞ்சுகளும் நான் எழுதாமல் விட்ட ஒரு வரியும்

ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. ஆனாலும் வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது பறவை விடயமாக என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் குடியிருக்கும் மஹய்யாவையில் என் சொந்தப் பெயரைவிட "வனஜீவி அக்கா" என்ற பெயரே பலருக்குத் தெரியும். வனவிலங்கு அலுவலகத்துக்குக் கண்டியில் எல்லா மொழிக்காரரும் சொல்லும் பெயர் வனஜீவி. அதில் இருபத்தேழு வருடம் வேலை செய்தேன்.

போன மாதம் கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஓர் ஆசிரியை கூப்பிட்டார். முகநூலில் யாரோ கிளி விற்கிறார்களாம்.

"நல்லா பேசுமாம் மிஸ். மகளோட பிறந்தநாளுக்கு வாங்கிக் குடுக்கலாமான்னு பாக்குறேன்."

படத்தை அனுப்பச் சொன்னேன். தோளில் சிவப்புத் திட்டு, தடித்த சிவந்த அலகு. நம் காட்டுப் பெரிய கிளியேதான்.

"வாங்காதீங்க டீச்சர். இது சட்டத்தால பாதுகாத்த பறவை. விக்கிறவருக்கு மட்டுமில்ல, வாங்கி வீட்டுல வச்சிருக்கிறவங்களுக்கும் குற்றம்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நாங்க வாங்கிப் பறக்க விட்டுட்டா புண்ணியம்தானே?" என்றார்.

"நீங்க வாங்கினீங்கன்னா அவன் நாளைக்கே இன்னொரு பொந்துல கை வைப்பான். அதோட, கம்பிக் கூட்டுல வளந்த கிளி வெளிய போனதும் காக்கா கிட்ட மாட்டிக்கும். அந்த விளம்பரத்தைப் படம் எடுத்து ஒஃபீசுக்கு அனுப்புங்க. அவ்வளவு போதும்."

"இதெல்லாம் தமிழ்ல எங்கயாவது எழுதி வச்சிருக்கா மிஸ்?"

இருக்கிறது, ஒரு துண்டுப் பிரசுரம் அலுவலகத்தில் தருவார்கள் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அதை எழுதியவள் நான். ஏன் எழுத நேர்ந்தது என்பது அலுவலகத்தில் பழைய ஆட்கள் சிலருக்கு மட்டுமே தெரியும். இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னைப் பற்றிச் சொல்லும்போது, "ஒரு தப்பும் விடாத மிஸ்" என்கிறார்களாம். அது உண்மையில்லை. என் வேலையில் நான் மிகவும் பெருமைப்படுகிற இடமே நான் விட்ட தப்பில்தான் இருக்கிறது. அதனால் இதை எழுதுகிறேன்.

அப்பா மாநகரசபையில் துப்புரவு வேலை செய்தவர். நான் உயர்தரம் முடித்து, அரச பரீட்சை எழுதிக் கள உதவியாளராக நியமனக் கடிதம் வாங்கிய நாளில் அவர் அதை எங்கள் லைன் வீடுகள் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினார். வறண்ட பிரதேசத்துச் சரணாலயம் ஒன்றில் பயிற்சி. யானையின் காலடியை அளக்க, பாம்பைப் பையில் போட, சிங்களத்தில் அறிக்கை எழுத அங்கேதான் கற்றேன். பிறகு கண்டிக்கு அனுப்பினார்கள். அந்த அலுவலகத்தில் நான்தான் முதல் தமிழ்ப் பெண்.

என் மேலதிகாரி ஹேரத் சேர். உயரமாக, மெலிந்து, எப்போதும் மேல் பொத்தான் வரை பூட்டிய சட்டையோடு இருப்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எந்த வீட்டுக்குச் சோதனைக்குப் போனாலும் வாசலில் சப்பாத்தைக் கழற்றுவார். வீட்டுக்காரர் கதிரையைக் காட்டும்வரை உட்கார மாட்டார். "நாங்க பறவைக்காக வந்தவங்க, ஆள அவமானப்படுத்த வந்தவங்க இல்ல" என்பார். அவர் பேசியது எல்லாம் சிங்களத்தில்; நான் தமிழில் தருகிறேன்.

ஒரு பறவையை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் தொடவே கூடாது. எட்ட நின்று மூச்சு விடுவதைப் பார்க்க வேண்டும். பிறகு சிறகு. கத்தரிக்கோல் பட்ட இறகின் நுனி நேர்கோடாக இருக்கும். தானாக உதிர்ந்து முளைக்கும் இறகின் நுனி கூராக இருக்கும். பிறகு வால். கூட்டில் நாள் கணக்காக இருந்த பறவையின் வால் கம்பியில் உரசிப் பிசிறாகியிருக்கும். கடைசியாகப் பாதத்தின் அடி. ஒரே தடியில் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தால் அங்கே தோல் தடித்துப்போகும். "நேத்துத்தான் முத்தத்துல விழுந்து கிடந்துச்சு" என்று வீட்டுக்காரர் சொல்வது உண்மையா என்று இவ்வளவிலேயே தெரிந்துவிடும்.

கொண்டுவரும் பெட்டிக்கும் முறை உண்டு. பறவையை வைப்பதற்கு முன்பே துளை போட வேண்டும். அதுவும் உள்ளேயிருந்து வெளியே குத்த வேண்டும். இல்லாவிட்டால் அட்டையின் பிசிறு உள்ளே நீட்டிக்கொண்டு கண்ணில் படும். அடியில் பழைய பத்திரிகை. தண்ணீர்க் கிண்ணம் வைக்கக் கூடாது. வழியில் கொட்டி நனைந்தால் குளிரிலேயே செத்துவிடும். மேலே ஒரு துணி.

எல்லாவற்றுக்கும் முன்னால் தகவல் புத்தகம். தொலைபேசி மணி அடித்தால் ஒரு கை ரிசீவருக்கும் மற்றக் கை பேனைக்கும் போக வேண்டும். யார், எங்கிருந்து, எத்தனை மணிக்கு, என்ன கண்டார், நாங்கள் என்ன சொன்னோம். "முதல்ல எழுது, பிறகு பேசு" என்பார் சேர். பறவையைக் கண்டெடுத்தவரை அதைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லவே கூடாது என்பது அவருடைய இன்னொரு கட்டளை. அவர் அங்கேயே நிற்க, நாங்கள் போக வேண்டும். போக முடியாவிட்டால் பக்கத்துப் பொலிசுக்கு நாங்களே சொல்லிவிட வேண்டும். அந்தக் கட்டளையின் காரணம் எனக்குப் பிறகுதான் உறைத்தது.

நான் வேலைக்கு வந்து சில வருடங்களில் கெலிஓயாவில் ஒரு வீட்டுக்குப் போனோம். வன்பொருள் கடை வைத்திருந்த நஸீர் என்பவரின் வீடு. வாசலிலேயே மலை மைனா ஒன்று கூட்டில் இருந்தது. கறுப்பு உடம்பு, பின்னங்கழுத்தில் மஞ்சள் தொங்கல். இலங்கைக் காட்டில் மட்டும் வாழ்கிற இனம். நாங்கள் படியேறும்போது யாரோ வயதானவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுவது போல அது இருமியது. நான் உள்ளே நோயாளி இருக்கிறார் என்றே நினைத்தேன்.

நஸீர் நானாவுக்குக் கோபம். "மிஸ், இது களவெடுத்த சாமான் இல்ல. எங்கட வாப்பா சல்லி குடுத்து வாங்கினது. பதினொரு வருஷமா இங்க ஈக்கிது. இப்ப வந்து குற்றம் எண்டு செல்றீங்களே."

சேரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் கூட்டின் பக்கம் பார்த்தபடி மெதுவாகப் பதில் சொன்னார். வாங்குவதால் இந்தப் பறவை யாருடைய சொத்தாகவும் ஆகாது. விற்றவருக்கும் அது சொந்தமாக இருந்ததில்லை. தகப்பனார் தெரியாமல் வாங்கியிருக்கலாம், அதை அவர் நம்புகிறார். ஆனால் இன்றைக்கு வீட்டில் வைத்திருப்பவர் நஸீர். இன்று முதல் தெரியாது என்று சொல்ல முடியாது.

அப்போது நஸீரின் உம்மா உள்ளே தொழுகையை முடித்துக்கொண்டு வந்தார். சேர் எழுந்து நின்றார். உம்மா என்னைப் பார்த்து, "மகள், அந்த இருமல் கேட்டீங்களா?" என்றார்.

"கேட்டேன் உம்மா."

"அது இவன்ட வாப்பாட இருமல். காலைல சுபஹுக்கு எழும்பினா அப்படித்தான் இருமுவார். அவர் மௌத்தாகி ஆறு வருஷம். இது இன்னும் இருமுது."

இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னேன். சேர் கூட்டின் கிட்டப் போய் மைனாவைப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி நஸீரிடம் கொடுத்தார். பறவையைத் தாமாகவே ஒப்படைக்கிறோம் என்று தமிழிலேயே எழுதச் சொன்னார். எந்தச் சந்தர்ப்பத்தில் அது வீட்டுக்கு வந்தது என்பதையும் மறைக்காமல் எழுதச் சொன்னார். நீதவானுக்குப் போகும் அறிக்கையோடு அந்தக் கடிதமும் போகும், தீர்மானிப்பது நீதவான், ஆனால் தாமாகக் கொடுத்தார்கள் என்று தன் கையால் எழுதித் தருவதாகச் சொன்னார். அப்படியே எழுதினார். நீதவான் எச்சரித்துவிட்டு விட்டுவிட்டார்.

அந்த மைனாவைக் காட்டில் விட முடியவில்லை. பதினொரு வருடமாகப் பறக்காத சிறகு. மீட்பு நிலையத்தின் பெரிய கூண்டில் மற்ற மைனாக்களோடு சேர்த்தார்கள். உம்மாவை இரண்டு தடவை நானே அங்கே கூட்டிப்போனேன். இரண்டாம் தடவை போனபோது காவலாளி எங்களிடம் முறைப்பாடு சொன்னார்: இப்போது கூண்டில் மூன்று மைனாக்கள் இருமுகின்றனவாம். உம்மா முக்காட்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பேருந்தில் திரும்பி வரும்போதும் சிரித்தார்.

அந்த வழக்கை நான் நல்ல வேலை என்று நினைத்திருந்தேன். சட்டத்தையும் பிடித்துக்கொண்டு மனிதரையும் நோகடிக்காமல் இருக்க எனக்கும் தெரியும் என்று ஒரு மிதப்பு. அந்த மிதப்பில்தான் சறுக்கினேன்.

யோகநாதனை எங்கள் பகுதியில் யோகு என்போம். முச்சக்கர வண்டி ஓட்டுகிறவன். ஒரு நாள் பகல் பன்னிரண்டரை இருக்கும். அலுவலக வாகனம் ஹந்தானைப் பக்கம் சுருக்கில் மாட்டிய சிறுத்தை ஒன்றுக்காகப் போயிருந்தது. சேரும் அதில் போய்விட்டார். மேசையில் நான் மட்டும். லிகிதர் நிமல் உள் அறையில் கோப்புகளோடு இருந்தார். தொலைபேசி அடித்தது.

"அக்கா, நான் யோகு பேசுறேன். குட்செட் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன ஏத்திக்கிட்டு கெலிஓயாவுக்குப் போய்க்கிட்டிருந்தேன். பேராதனைகிட்ட அவனுக்கு ஒரு போன் வந்துச்சு. அஞ்சு நிமிஷத்துல வாறேன்னு இறங்கிப் போனான், அரை மணித்தியாலமாச்சு, ஆளக் காணல. பின் சீட்டுல ஒரு பெட்டிய விட்டுட்டுப் போயிருக்கான். உள்ள சத்தம் கேட்டுச்சு. தொறந்து பார்த்தா மூணு குஞ்சு அக்கா. கிளிக்குஞ்சு மாதிரி. சொண்டு பெருசா இருக்கு. என்னா செய்ய?"

வாகனம் இல்லை. குஞ்சுகள் வெயிலில் முச்சக்கர வண்டிக்குள் இருக்கின்றன. பேசுகிறவன் எனக்குத் தெரிந்த பையன். நான் சொன்னேன்:

"நீங்களே கொண்டு வந்திருங்க தம்பி. பெட்டிய மூடி, ஒரு துணியப் போட்டு, நேரா இங்க வாங்க."

எப்படியும் வரப்போகிறான், வந்ததும் விபரமாக எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தகவல் புத்தகத்தைத் திறக்கவில்லை. பெட்டி வைக்க இடம் ஒழுங்குபடுத்தப் பின்பக்கக் களஞ்சிய அறைக்குப் போய்விட்டேன்.

ஒரு மணி ஆயிற்று. இரண்டாயிற்று. யோகு வரவில்லை. அவனுடைய தொலைபேசியும் வேலை செய்யவில்லை. சவாரி ஏதும் கிடைத்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

நான்கு மணிக்கு அவன் மனைவி சுமதி அலுவலகத்துக்கு வந்தாள். ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

"அக்கா, அவர பொலிஸ்ல புடிச்சு வச்சிருக்காங்க. வழியில லைசன் பார்க்க நிப்பாட்டியிருக்காங்க. பெட்டியத் தொறந்து பார்த்துட்டு கிளி கடத்துறான்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"வனஜீவிக்குக் கொண்டு போறேன்னு சொல்லலையா?"

"சொன்னாரு அக்கா. நீங்க கொண்டாரச் சொன்னீங்கன்னுதான் சொன்னாரு. அவங்களும் இங்க போன் பண்ணிக் கேட்டாங்களாம். அப்படி யாரும் கூப்பிட்டதா புத்தகத்துல இல்லன்னு இங்கயிருந்து சொன்னாங்களாம்."

நான் நிமலைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. நான் களஞ்சிய அறையில் இருந்தபோது பொலிசிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. அவர் தகவல் புத்தகத்தைப் பார்த்து, இல்லை என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார். ஒழுங்காக வேலை செய்தவர் அவர்தான். எங்கள் அலுவலகப் புத்தகமே யோகுவைப் பொய்யனாக்கிவிட்டது.

சுமதி அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "நீங்கதானே அக்கா கொண்டாரச் சொன்னீங்க" என்று இன்னொரு தடவை சொன்னாள். அவ்வளவுதான்.

அவளைக் கதிரையில் உட்கார வைத்துவிட்டுப் பொலிசுக்குப் பேசினேன். சார்ஜன்ட் மரியாதையாகவே பேசினார். வாக்குமூலம் எழுதியாகிவிட்டது, நாளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறோம், சொல்ல வேண்டியதை அங்கே சொல்லுங்கள் என்றார். வாக்குமூலத்தில் என்ன இருந்தது என்று பிறகு பார்த்தேன். யோகு சிங்களம் சரளமாகப் பேசுவான், ஆனால் வாசிக்கத் தெரியாது. "மகே லங்க திபுணே" என்று அவன் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்கள். என்னிடம் இருந்தது என்று அர்த்தம். பெட்டி தன் வண்டியில் இருந்தது என்பதைத்தான் அவன் அப்படிச் சொன்னான். ஆனால் பாதுகாக்கப்பட்ட பறவையை உடைமையில் வைத்திருப்பதுதான் குற்றம். அந்த மூன்று சொல்லும் குற்ற ஒப்புதலைப் போலவே கிடந்தன. வழக்கில் குற்றவாளி என்று தீர்ந்தால் முச்சக்கர வண்டியையும் அரசுடைமையாக்கலாம். அந்த வண்டிதான் அவர்கள் வீட்டு அடுப்பு எரியக் காரணம்.

சுமதி போன பிறகு நிமல் என் மேசைக்கு வந்தார். தகவல் புத்தகத்தைத் திறந்து வைத்தார். பதினொன்று நாற்பதுக்கு ஒரு பதிவு, ஒன்றே காலுக்கு ஒரு பதிவு. நடுவே ஒரு வரி இடம் விட்டிருந்தது.

"மிஸ், நடந்ததுதானே. பொய் ஒண்ணும் இல்லையே. இதுல எழுதிருங்க. நான் அவசரத்துல பார்க்காம விட்டுட்டேன்னு சொல்லிக்கிறேன்."

என்மீது இருந்த அன்பில்தான் சொன்னார். நான் பேனையைக் கையில் எடுத்ததும் உண்மை. அந்த நேரத்தில் சேர் வந்துவிட்டார். சட்டை முழுக்கச் சேறு. சிறுத்தை பிழைத்துவிட்டதாம். நான் எழுந்து நின்று ஒன்று விடாமல் சொன்னேன், கையில் பேனை இருந்ததையும் சேர்த்து. அவர் மூன்று கேள்விதான் கேட்டார். அவன் எந்தத் தொலைபேசிக்கு எடுத்தான்? அலுவலகத் தொலைபேசிக்கு. எவ்வளவு நேரம் பேசினீர்கள்? நான்கு நிமிடம் இருக்கும். கொண்டு வா என்று சொன்னது நீதானா? நான்தான்.

தகவல் புத்தகத்தை மூடினார். தன்னுடைய அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"உன்ன நம்பாம இல்ல," என்றார். "ஆறு மணிக்கு எல்லாரும் போன பிறகு எனக்கே அந்த வரிய நிரப்ப ஆசை வரலாம்."

பிறகு ஒரு தாளைத் தந்து, நடந்ததை இன்றைய திகதி போட்டு, இன்றைக்கு எழுதுகிறேன் என்றே எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு நீ வரணும்னு கட்டாயம் இல்ல. குஞ்சு எந்த இனம்னு சொல்லத்தான் எங்களக் கூப்பிட்டிருக்காங்க. அத நான் சொல்லலாம். அடுத்த மாசம் உனக்குப் பதவி உயர்வு நேர்முகம் இருக்கு. தெரிஞ்சு முடிவு செய்."

"நான் வாறேன் சேர்" என்றேன். அதில் வீரம் ஒன்றுமில்லை. சுமதி பார்த்த பார்வையோடு மஹய்யாவையில் என்னால் குடியிருக்க முடியாது, அவ்வளவுதான்.

மறுநாள் நீதவான் நீதிமன்றத்தில் யோகுவுக்காக சிவபாலன் என்ற சட்டத்தரணி வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் நீண்ட காலம் இருப்பவர். வழக்குக் கூப்பிடுமுன் என்னை வராந்தாவின் ஓரத்துக்கு அழைத்தார்.

"தங்கச்சி, நீங்கள் சொல்லப்போறது உந்தப் பெடியனுக்கு நல்லது. உங்கட வேலைக்குக் கூடாது. யோசிச்சுத்தானே வந்தனீங்கள்?"

"யோசிச்சுத்தான் வந்தேன் சேர்."

"ஓம், அப்ப சரி. கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ. கூட்டிச் சொல்லவும் வேண்டாம், குறைச்சுச் சொல்லவும் வேண்டாம்."

முதலில் சேர். பெட்டியை மேசையில் வைத்து, குஞ்சு ஒவ்வொன்றாகத் துணியில் எடுத்துக் காட்டினார். காட்டுப் பெரிய கிளியின் குஞ்சுகள். இறகு குருத்து விடும் பருவம். மரப்பொந்திலிருந்து எடுத்துச் சில நாட்களாவது ஆகியிருக்கும். அலகின் ஓரத்தில் காய்ந்திருந்த மாவைக் காட்டினார். ஊசி போடும் சிரிஞ்சால் ஊட்டினால்தான் அந்த இடத்தில் மாவு ஒட்டும். பெட்டியின் துளைகளையும் காட்டினார். சூடாக்கிய கம்பியால் வரிசையாகப் போட்டவை. "இது பழகின கை செய்த வேலை," என்றார். "முச்சக்கர வண்டியில் சிரிஞ்சோ மாவோ இருந்ததாகப் பொலிஸ் அறிக்கையில் இல்லை."

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நீதவான் ஒரு பெண். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"இந்த ஆள் உங்களுக்குத் தொலைபேசி எடுத்தாரா?"

"எடுத்தார்."

"பறவைகளைக் கொண்டு வரச் சொன்னது யார்?"

"நான்."

"அது உங்கள் அலுவலக நடைமுறையா?"

"இல்லை. கண்டெடுத்தவரைக் கொண்டு வரச் சொல்லக் கூடாது. நான் நடைமுறையை மீறினேன்."

"அழைப்பு உங்கள் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறதா?"

"இல்லை. அவர் வந்த பிறகு எழுதலாம் என்று விட்டுவிட்டேன். எழுதியிருந்தால் அவர் இங்கே நிற்க மாட்டார்."

நீதவான் அதைக் குறித்துக்கொண்டு கேட்டார். "உங்களுக்கு எதிராக நீங்களே சொல்கிறீர்கள் என்பது தெரியுமா?"

"தெரியும்."

  குற்றவாளிக் கூண்டில் நின்ற யோகு தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

அன்று அவனுக்குப் பிணை கொடுத்தார்கள். தொலைபேசி அழைப்பு விபரத்தை எடுத்துச் சமர்ப்பிக்கும்படி பொலிசுக்கு உத்தரவு போட்டார்கள். முச்சக்கர வண்டி பொலிஸ் முற்றத்திலேயே நின்றது. மூன்று வாரம் யோகு சந்தையில் மூட்டை சுமந்தான். அந்த மூன்று வாரமும் நான் வேலைக்குப் போக அவர்கள் வீட்டைத் தாண்டித்தான் போனேன். வேறு வழி இருந்தும் போகவில்லை. சுமதி ஒரு நாளும் முகத்தைத் திருப்பவில்லை, ஒரு நாளும் சிரிக்கவுமில்லை.

அடுத்த வழக்குத் தவணையில் விபரம் வந்தது. பன்னிரண்டு முப்பத்திரண்டுக்கு யோகுவின் தொலைபேசியிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு நான்கு நிமிட அழைப்பு. பிடிபட்டதற்கு முன்னால். நீதவான் யோகுவை விடுவித்தார். வண்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். கண்டெடுத்த பறவையை அறிவிக்க முயன்றவரைத் தண்டித்தால் நாளை யாரும் அறிவிக்க மாட்டார்கள் என்று நீதிமன்றத்துக் கடினச் சிங்களத்தில் சொன்னார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான முதலியார் அதைத் தமிழில் சொன்னபோதுதான் யோகு தலையை நிமிர்த்தினான்.

பெட்டிக்காரனையும் பிடித்தோம். அவன் எங்கே இறங்குவதாகச் சொன்னான் என்பது யோகுவுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆணை பெற்றுக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனோம். முன்பக்கம் மீன் தொட்டியும் லவ்பேர்ட்ஸ் கூடும். பின்பக்கச் சமையலறைக்குள் அரிசிச் சாக்குகளுக்குப் பின்னால் நான்கு பெரிய கிளிகளும் ஒரு மைனாவும். சிரிஞ்சும் மாவும் அங்கே இருந்தன. அன்று வழியில் சோதனை நடக்கிறது என்று யாரோ தொலைபேசியில் சொன்னதால்தான் பெட்டியை விட்டுவிட்டு ஓடியிருக்கிறான். அங்கேயும் சேர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார். குற்றத்தை ஒப்புக்கொண்டான், தண்டனை பெற்றான்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்த வருடப் பதவி உயர்வு இல்லை. கடிதத்தை என் கையில் தந்தபோது சேர் ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. "கையெழுத்துப் போட முந்தி முழுசா வாசி" என்று மட்டும் சொன்னார். வாசித்தேன். அதில் ஒரு சொல்லும் பிழையில்லை. இரண்டு வருடம் கழித்து நேர்முகத்துக்குப் போனபோது அந்தக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்து விளக்கம் கேட்டார்கள். சொன்னேன். பதவி உயர்வு கிடைத்தது.

மூன்று குஞ்சில் ஒன்று மிருக வைத்தியரின் மேசையிலேயே செத்துப்போனது. மற்ற இரண்டும் இறகு முளைத்து, பெரிய கூண்டில் பறந்து பழகி, வேறு கிளிகளோடு சேர்ந்து வளர்ந்தன. காட்டு ஓரத்தில் கூண்டைத் திறந்த அன்று ஒன்று உடனே போய்விட்டது. மற்றது கதவின் விளிம்பில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தது. எனக்குப் பொறுமையில்லை. சேர் புல்லில் உட்கார்ந்தபடி, "இருக்கட்டும். அதுக்கு இனி வழக்குத் தவணை ஒண்ணும் இல்லையே" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

அந்த மாதம்தான் சேரின் அனுமதியோடு துண்டுப் பிரசுரத்தைத் தமிழில் எழுதினேன். பறவை விழுந்து கிடந்தால் தொடாதீர்கள். முதலில் எங்களுக்கு அறிவியுங்கள். நீங்கள் கூப்பிட்ட நேரத்தையும் பேசியவரின் பெயரையும் நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் வரும்வரை பக்கத்தில் நில்லுங்கள். வாசிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் வாக்குமூலம் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. கடைசி வரியைச் சேர்க்க வேண்டுமா என்று மேலே கேட்டார்கள். சேர்க்க வேண்டும் என்று ஹேரத் சேர் எழுதியனுப்பினார்.

ஆனால் பிரசுரம் அச்சாகி வந்தபோது எனக்கு ஒரு பயம் இருந்தது. வண்டி ஓட்டுகிறவர்கள் மத்தியில் யோகுவின் கதை பரவியிருந்தது. வனஜீவிக்குப் போன் பண்ணினால் பொலிஸ் பிடிக்கும் என்றுதான் அது பரவியிருந்தது. பல மாதம் மஹய்யாவையிலிருந்து ஓர் அழைப்பும் வரவில்லை. பாம்புக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை. யோகுவை வழியில் கண்டால் அவன் தலையை ஆட்டுவான், வண்டியை நிறுத்த மாட்டான். இது என்னால் வந்தது, இனி மாறாது என்றே நினைத்திருந்தேன்.

ஒரு பிற்பகல், நல்ல மழை. தொலைபேசி அடித்தது. பேனையை எடுத்தேன், புத்தகத்தைத் திறந்தேன், பிறகு ரிசீவரை எடுத்தேன்.

"அக்கா, யோகு பேசுறேன். மார்க்கெட் பக்கத்துல, கூரையில இருந்து ஒரு ஆந்தை விழுந்து கிடக்கு. முகம் வெள்ளையா இருக்கு. செட்டை ஒண்ணு தொங்குது. மணி மூணு பத்து. நான் தொடல. பக்கத்துல நிக்கிறேன். நீங்க வாங்க."

அன்று வாகனம் இருந்தது. பத்து நிமிடத்தில் போய்விட்டேன். தெருவோரத்தில் நான்கு முச்சக்கர வண்டிகள் வளைத்து நின்றன. நடுவே நான்கு சாரதிகள், ஆந்தைக்கு முதுகைக் காட்டியபடி, காகமும் சனமும் கிட்ட வராமல் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். யோகு அதன்மேல் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு விரலும் அதில் படவில்லை. அவன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

துளையிட்ட பெட்டியையும் துணியையும் எடுத்துக்கொண்டு வாகனத்தை விட்டு இறங்கினேன். என்னைக் கண்டதும் சாரதிகள் வழி விட்டார்கள்.